வீமனைப் பற்றி வாய் திறக்காத மூன்று நாள்

அக்காவின் மகள், என் பெறாமகளின் கலியாணத்துக்கென்றுதான் சுவிஸுக்குப் போனேன். கலியாணமும் முடிந்து, மிஞ்சிய பலகாரமும் முடிந்து, ஷ்லீரனில் அக்கா வீட்டுச் சோபாவில் இருந்து சென்னை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வி தொலைபேசியில் வந்தாள். "உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனி? வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு நில். தேசியப் பூங்காவுக்குப் போறம், மான் பாக்கலாம்" என்றாள். கூடாரத்தில்தான் படுக்கை என்பதையும் இரண்டு நாய்கள் கூட வருகின்றன என்பதையும் கடைசியில் அவசரமாகச் சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

செல்வியும் யோகனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூசனில் படித்தவர்கள். அவர்கள் இருவரும் வெளிக்கிட்டு வந்தார்கள், நான் அங்கேயே நின்று பிரதேச செயலகத்தில் வேலை பார்த்துத் தலை நரைத்தேன். செல்வி இப்போது பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் வேலை. அவளுடைய கணவர் தயாளன் அண்ணை பஸ் ஓட்டுகிறவர். யோகன் சூரிச்சில், ஓர்லிகோன் பக்கம், முதியோர் இல்லமொன்றில் சமையல் செய்கிறான். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பான்.

எனக்கும் நாய்க்கும் ஒத்துவராது. ரியூசனுக்குச் சைக்கிளில் போன காலத்தில் எந்த ஒழுங்கையில் எந்த நாய் துரத்தும் என்று கணக்குப் பார்த்துத்தான் நான் பாதை தேர்ந்தெடுப்பேன். எங்கள் ஊரில் நாய்க்கு முற்றமும் படலையும்தான் எல்லை. மிச்சச் சோறு போடுவோம், அது படுத்திருந்து குரைக்கும், அவ்வளவுதான் உறவு. நாயோடு ஒரே வாகனத்தில் ஏறி, ஒரே மைதானத்தில் படுத்தெழும்பப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் பிளாஸ்ரரும் டெற்றோலும் எடுத்துத் தந்தாள்.

வெள்ளிக்கிழமை யோகன் தன் நாயோடு ஷ்லீரனுக்கே வந்துவிட்டான். செல்வியாட்களின் வான் வண்டி பேர்ணிலிருந்து வரும்வரை வீட்டுக்குக் கீழே காத்து நின்றோம். நாயின் பெயர் வீமன். மண்ணிறம், கன்றுக்குட்டி அளவு, ஒரு காது மட்டும் மடிந்து விழுந்திருந்தது. நான் தள்ளி நின்றேன். யோகன் கொஞ்ச நேரம் காலநிலையைப் பற்றிக் கதைத்தான். பிறகு வீமனைப் பார்த்தபடியே, தான் இருக்கிற கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னான். நாயோடு வாடகைக்கு வீடு தேடி அலுத்துப்போய், கடைசியில் வேலை செய்கிற இல்லத்தின் மேல்மாடியிலேயே ஓர் அறை எடுத்திருக்கிறான். மாத முடிவில் போகவேண்டும். அங்கே நாய் வைத்திருக்கக் கூடாது.

விலங்குகளுக்கான காப்பகத்தையும் போய்ப் பார்த்திருக்கிறான். நல்ல துப்புரவான இடம், அன்பான ஆட்கள். ஆனால் வீமனுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. குட்டியில் கொண்டுவந்த நாளிலிருந்து யோகன் அதனோடு வேறு பாஷையில் கதைத்ததில்லை. "அங்க விட்டா ஊமையன்ர கணக்கில இருக்கும், மாலா" என்றான்.

செல்வியைக் கேட்டால் என்ன என்றேன். அவளிடம் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது, வீமனையும் தெரியும். யோகன் உடனே தலையை ஆட்டினான்.

"கேட்டா அவள் இல்லையெண்டு சொல்லமாட்டாள். அதாலதான் கேக்கேலாது."

அவன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் செல்வி வீட்டு விறாந்தை அறையில்தான் இருந்தான். எடுத்தது போதும் என்பது அவனுடைய நியாயம். அவளாக மனம் வந்து சொன்னால் சரி, கேட்டு அவளை நெருக்க மாட்டேன் என்றான். "நீயும் சொல்லிப்போடாதை" என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். என் வாயில் ஒன்றும் தங்காது என்பது ரியூசன் காலத்திலிருந்தே ஊரறிந்த சங்கதி. இந்த முறையாவது தங்கட்டும் என்று நான் உறுதி எடுத்துக்கொண்டேன்.

தயாளன் அண்ணை எனக்கு மலை காட்ட ஆசைப்பட்டு, மலையைக் குடைந்த குகைவழியால் போகாமல் கணவாய் மேலால் வானை விட்டார். வளைவுக்குமேல் வளைவு. அவருக்கு அது பிள்ளை விளையாட்டு, பஸ் ஓட்டுகிற கை. பின்சீற்றில் எனக்கும் செல்விக்கும் நடுவில் அவளுடைய குட்டி வெள்ளை நாய் லூனா ஒரு மெத்தையில் மகாராணி மாதிரி இருந்தது. எங்களுக்குப் பின்னால், சாமான்களுக்கிடையில் யோகனும் வீமனும். வீமனின் மூச்சு என் பிடரியில் சூடாக அடித்துக்கொண்டேயிருந்தது. நாய்கள் சத்தியெடுக்கும் என்று பயந்து செல்வி பழைய துவாய்கள் கொண்டுவந்திருந்தாள். எடுத்தது நாய்களில்லை, நான்.

உச்சிக்குக் கிட்ட வானை ஓரங்கட்டி, நான் கல்லொன்றில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மேலே மிதித்து வந்த ஒரு சைக்கிள்காரர், என் வயதுக்கு மேலிருக்கும், நின்று என்னவோ சொன்னார். செல்வி மொழிபெயர்த்தாள்: "கீழே பார்க்காதீர்கள், தூரத்து மலையைப் பாருங்கள், சரியாகிவிடும்." பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு மலையைப் பார்த்து ஆறுதலடைய யார் சொல்லித் தந்தார்கள்?

கூடாரம் போட்ட இடம் பூங்காவுக்கு வெளியே, செர்னெஸ் என்ற ஊரில், ஆற்றங்கரைப் புல்வெளி. பூங்காவுக்குள்ளே படுக்க விடமாட்டார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வயதான சுவிஸ் தம்பதி ஒன்று வண்டிவீட்டோடு நின்றது. மூன்று நாள் தங்க வந்தவர்கள் வாசலில் பூச்சாடி வைத்து, கால்மிதி போட்டிருந்தார்கள். நாங்கள் கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டுவதை அந்தப் பெரியவர் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் எழும்பி வந்து இரண்டு முளைகளைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தார். பிறகு வீமனைத் தடவி, குந்தி இருக்கச் சொல்லி ஜெர்மனில் கட்டளையிட்டார். வீமன் மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அது வாலை ஆட்டியது.

"இரடா" என்றான் யோகன், இறைச்சிச் சட்டியைக் கிளறியபடி திரும்பாமலே. வீமன் இருந்தது. பெரியவர் வியந்துபோய் இது என்ன மொழி என்று கேட்டார். அன்று பொழுதுபடுவதற்குள் அவர் மூன்று தமிழ்ச் சொற்கள் பழகிவிட்டார்.

ரொட்டியும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். குளிரில் காரம் தொண்டையால் இறங்கும்போது ஒரு சுகம் இருக்கிறது, அதை எங்கள் வெக்கையில் அனுபவிக்க முடியாது. தயாளன் அண்ணை தன் தட்டிலிருந்த எலும்பைக் கழுவி வீமனுக்குக் கொடுக்கப் போனார். யோகன், சமைத்த எலும்பு கூடாது என்று தடுத்தான். "ஒரு நாய்க்கே இவ்வளவு சட்டம், இரண்டெண்டா வீடு அரசாங்கக் கச்சேரிதான்" என்றார் அவர் சிரித்துக்கொண்டு. யோகன் சிரிக்கவில்லை. நான் ரொட்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அப்போது அதுதான் பாதுகாப்பு.

சனிக்கிழமை விடிய, போர்த்திருந்த எல்லாவற்றையும் தாண்டிக் குளிர் எலும்புக்குள் வந்தது. என் காலடியில் மட்டும் சூடாக இருந்தது. பார்த்தால் லூனா. எழுப்பிக் கலைக்கத்தான் நினைத்தேன். பிறகு, கால் விறைத்துப் போவதைவிட இது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

செல்வி புட்டு அவித்தாள். அதற்கென்று ஊரிலிருந்து வந்த நீத்துப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள், பனையோலையில் கூம்பாக இழைத்தது. காஸ் அடுப்பில் சட்டியின் மேல் அது கவிழாமல் நிற்க அவள் பட்ட பாடு பெரிது. பக்கத்து வண்டிவீட்டு அம்மா வந்து, அது தொப்பியா என்று கேட்டார். தொப்பிக்குள்ளிருந்து ஆவி பறக்கப் புட்டு விழுந்ததும் அவர் கையைத் தட்டினார். சம்பலோடு ஒரு வாய் தின்று, கண்ணில் நீர் வழிய, மிக நன்றாயிருக்கிறது என்று சொன்னார். அப்படியொரு மரியாதைக்காரி.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. தண்ணீர்ப் போத்தல், புட்டுப் பார்சல், நாய்களுக்குத் தனிப் பார்சல் எல்லாம் கட்டிக்கொண்டு பூங்கா வாசலுக்குப் போய் இறங்கினால், பலகையில் நாய்ப் படத்துக்குக் குறுக்கே கோடு. கயிற்றில் கட்டியிருந்தாலும் கூடாதாம், தூக்கி வைத்திருந்தாலும் கூடாதாம். தயாளன் அண்ணை அதை இரண்டு தரம் உரத்து வாசித்தார், இரண்டாம் தரம் வாசித்தால் மாறிவிடும் என்பதுபோல. செல்வி அவர் விசாரித்திருப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் யோகன் விசாரித்திருப்பான் என்று நினைத்திருந்தார். யோகன், பூங்கா என்றால் நாய் நடக்கிற இடம்தானே என்று நினைத்திருந்தான். இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்டுக் கேட்டே இந்த நாட்டில் காலம் தள்ளியவர்கள், நாய்க்கு அனுமதி உண்டோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

லூனாவை முதுகுப்பைக்குள் வைக்கலாம் என்று தயாளன் அண்ணை அரைப் பகிடியாகச் சொன்னார். யோகன் வெலவெலத்துப் போனான். நாயைக் கடத்திப் பிடிபட்ட தமிழர் என்று பேப்பரில் வந்தால் வேலையிடத்தில் எப்படி முகம் காட்டுவது என்று கேட்டான். கடைசியில் தயாளன் அண்ணை நாய்களோடு திரும்பிப் போக, நாங்கள் மூவரும் உள்ளே நடந்தோம். அவருக்கு முழங்கால் நோ, மான் பார்க்கிற ஆசையும் பெரிதாக இல்லை, முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

உள்ளே போனபிறகு எனக்குப் பேச்சு வரவில்லை, அது நடப்பது அரிது. ஒரு காலத்தில் எங்கள் நாட்டின் வில்பத்து வனத்துக்குப் போயிருக்கிறேன். ஜீப்புக்குப் பின்னால் ஜீப், ஒரு சிறுத்தையின் வாலைக் கண்டால் பத்து ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும். இங்கே வாகனமே கிடையாது, எல்லோரும் நடை. பாதையை விட்டு இறங்கக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது. விழுந்த மரம் விழுந்தபடி கிடக்கிறது, அதைக்கூட ஒருவரும் தொடமாட்டார்களாம். இவ்வளவு துப்புரவான நாட்டில் ஓரிடத்தையாவது கூட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் சனங்கள் தொலைநோக்கிகளோடு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தேர் வரப் பார்த்திருக்கிற கூட்டம்தான், சத்தம் மட்டும் இல்லை. எதிர் மலையில் செம்மான்கள். புரட்டாதி மாதம் அவற்றுக்குச் சோடி சேரும் காலம். கொம்பு விரித்த ஓர் ஆண்மான் கழுத்தை நீட்டிக் கத்தியது, பாரம் ஏற்றிய பழைய லொறி மேடேறத் திணறும் சத்தம். பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளை, அது ஏன் கத்துகிறது என்று தகப்பனைக் கேட்டது. தகப்பன் குசுகுசுவென்று சொன்ன பதிலைச் செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள்: "இது என்ர இடம், நீ வேற இடம் பார் எண்டு மற்றதுக்குச் சொல்லுதாம்." யோகன் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் இருந்தான்.

அவன் போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் செல்வி என் பக்கம் நகர்ந்தாள். ஓர்லிகோனில் ஒரு தமிழனின் வீடு இடிபடப் போகிறதென்றால் ஓஸ்டர்முண்டிகனுக்குத் தெரியவர எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டாள். போன மாதமே அவளுக்குத் தெரியும். யோகன் எடுத்த அறையில் நாய் வைக்க விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"அவன் கேட்டா அந்த நிமிசமே ஓம் எண்டுவன்" என்றாள். "நானாய் என்னெண்டு கேக்கிறது? உன்ர நாயைத் தா எண்டு கேக்கிற மாதிரியெல்லோ இருக்கும். அவனுக்கு வேற என்ன கிடக்கு?"

தயாளன் அண்ணை சம்மதிப்பாரோ என்று கேட்டேன். அவர் ஒரு நாய் போதும் என்று சொல்வதெல்லாம் வாய்ச்சொல், லூனா வந்தபோதும் நாயே வேண்டாம் என்றவர் என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, யோகனிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

இரண்டு சத்தியத்தையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் திரும்பி நடந்த பாடு எனக்குத்தான் தெரியும். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தன், நடுவில் நான். வாயைத் திறந்தால் அது தானாக வந்துவிடும் என்ற பயத்தில், வழியில் கண்ட ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கூடாரத்துக்கு வந்தால் தயாளன் அண்ணை வெயிலில் பாய் விரித்து நித்திரை. லூனா அவர் கைக்குள், வீமனின் தலை அவர் வயிற்றில், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். யோகனும் என்னைப் பார்த்தான். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். என் அடக்கத்தை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை. மலையுச்சிகளில் பனி விழுந்து வெள்ளையாகியிருந்தது. ஈரக் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டி, பெரியவருக்கும் அம்மாவுக்கும் மிஞ்சிய சம்பலைக் கொடுத்தோம். அவர்கள் அந்தப் பகுதிக்கே பேர்போன கொட்டைக் கேக் ஒன்று தந்தார்கள். உள்ளே வால்நட் பருப்பும் பாகும் அடைத்தது. எங்கள் கொழுக்கட்டையை யாரோ தட்டையாக்கி அவித்ததற்குப் பதில் சுட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு துண்டு தின்றேன். பெரியவர் வீமனுக்குக் குனிந்து, "போய்ட்டு வா" என்று தமிழில் சொன்னார். யோகன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கணவாயில் பனி என்பதால் இந்த முறை குகைவழி. வானைக் கொண்டுபோய் ரெயிலில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கத் தேவையில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே வானுக்குள் இருக்கவேண்டியதுதான். ரெயில் குகைக்குள் புகுந்ததும் ஒரே இருட்டு. பக்கத்திலிருந்த செல்வியின் முகம்கூடத் தெரியவில்லை. தடதடவென்ற சத்தம் மட்டும். எனக்கு அப்போது பட்டது: இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. எழும்பிப் போகவும் இடமில்லை. இதைவிட்டால் ஓர்லிகோனில் யோகன் நாயோடு இறங்கிவிடுவான், நான் புதன்கிழமை விமானம் ஏறிவிடுவேன்.

"யோகன் போற இடத்தில வீமனை வைச்சிருக்கேலாது. செல்விக்கு அது தெரியும். வீமனை எடுக்க அவளுக்கு விருப்பம். கேக்க அவனுக்கும் வாயில்லை, அவளுக்கும் வாயில்லை. இனி நீங்கள் கதையுங்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இரண்டு சிநேகிதமும் போச்சு என்றே நினைத்தேன்.

பின்னாலிருந்து யோகன் கேட்டான்.

"இப்பதானோ சொல்லுறாய்? வெள்ளிக்கிழமையெல்லோ உனக்குச் சொன்னனான்."

"அதைத்தான் நானும் யோசிச்சன்" என்றாள் செல்வி. "நேற்றே சொல்லிப்போடுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நேரே கேட்க முடியாததை மூன்றாம் ஆளின் காதில் போட்டு வைப்பதும், சொல்லிவிடாதே என்று கையோடு சத்தியம் வாங்குவதும் எங்கள் சனத்தின் வழக்கம். கலியாணப் பேச்சிலிருந்து காணிச் சண்டை வரை அப்படித்தான். செயலகத்தில் இருந்துகொண்டு எத்தனை பேருக்கு நானே அப்படித் தூது போயிருக்கிறேன். வாயில் ஒன்றும் தங்காதவள் என்று தெரிந்துதான் இருவரும் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். நான்தான் இந்த முறை பார்த்து யோக்கியமாக நடந்து காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

"உன்னட்டை அதைத் தா எண்டு கேக்க எனக்கு மனம் வரேல்ல, யோகன்" என்றாள் செல்வி.

"தெரியும்" என்றான் அவன்.

தயாளன் அண்ணை முன்னாலிருந்து, பஸ் நேரம் சொல்கிற அதே குரலில் கேட்டார்: "அப்ப எப்ப கூட்டிக்கொண்டு போறது? மாச முடிவிலயோ?"

"இண்டைக்கே கொண்டுபோங்கோ, அண்ணை. வீட்டை கொண்டுபோனனெண்டா பிறகு என்னால ஏலாது."

குகை முடிந்து வெளிச்சம் வந்தபோது நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அழுதேன், மறைக்கவில்லை. நாயைத் தொட அருவருக்கிற நான் ஒரு நாய்க்காக அழுகிறேன் என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். உண்மையில் அது நாய்க்காக இல்லை.

ஓர்லிகோனில் யோகனின் கட்டடத்துக்கு முன்னால் வான் நின்றது. அவன் இறங்கினான், வீமன் உள்ளேயே இருந்தது. மூன்று நாளும் செல்வியிடம் வீமனைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவன், கதவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் கதைத்தான். காலையில் கொஞ்சம் கொஞ்சி விட்டால்தான் சாப்பிடும். தூசி உறிஞ்சுகிற மெஷினுக்குப் பயம். மழை பெய்தால் இடது காதைத் துடைக்கவேண்டும், மடிந்த காது, தண்ணீர் நிற்கும். மீன் கறியில் வாய் வைக்க விடக்கூடாது, சோற்றோடு தயிர் கொடுக்கலாம். செல்வி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். பிறகு அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீமனைத் தொடாமல், தெருவைக் கடந்து போனான்.

வான் வெளிக்கிடுவதற்குள் திரும்பி ஓடி வந்தான். நாய்க்கயிறு அவன் கையிலேயே சுற்றியிருந்தது. அதைக் கழற்றி யன்னலால் நீட்டினான். செல்வி வாங்கவில்லை.

"அதை நீ வைச்சிரு. வீட்டில எங்களிட்டை வேற கிடக்கு. சனிக்கிழமை உதைக் கொண்டுவந்து நீயே கட்டிக் கூட்டிக்கொண்டு நட" என்றாள்.

"எந்தச் சனி?" என்று கேட்டான் யோகன்.

"எல்லாச் சனியும்தான்" என்றாள் செல்வி.